பதினேழு கேசட்

என் மகனைக் கீழே தள்ளியது நான்தான். போலீசுக்கு ஓட வேண்டாம். அந்த நேரத்தில் அவன் ஒரு நாற்காலியாக இருந்தான்.

பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக்கடையின் மாடி அது. கோமு டீச்சரின் அறை. ஐந்து நாற்காலிகள். ஒன்றில் நான், மேலப்பாளையம் அகமது மீரான், டவுணில் ஒரு ஜவுளிக்கடையில் இருபத்திரண்டு வருஷமாகச் சேலை விரித்துக் காட்டுகிறவன். பக்கத்தில் என் பெண்சாதி மஹ்மூதா பீவி. அவளை ஒட்டி மகள் பாத்து, பதினாறு வயது. எதிரே டீச்சர். ஐந்தாவது நாற்காலி காலி.

"இது நூகு. ஷார்ஜாவுல இருந்தாலும் இந்தக் குடும்பத்துல ஒரு ஆள்தானே. அவருக்கும் ஒரு இடம் வேணும்" என்றார் டீச்சர்.

பிறகு கயிறு. சேலைக் கட்டு வரும் கயிறு, டீச்சர் கேட்டிருந்ததால் என் கடையிலிருந்து நானே எடுத்து வந்தது. ஒவ்வொருவர் இடுப்பிலிருந்தும் மற்ற ஒவ்வொருவர் இடுப்புக்கும் ஒரு கயிறு. நூகுவுக்கு நாற்காலியின் முதுகில். "யாராவது ஒருத்தர் அசையுங்க. மத்தவங்களுக்கு எங்கன இழுக்குதுன்னு பாருங்க" என்றார்.

எனக்கு இந்த மாதிரி இடத்தில் கை சும்மா இருக்காது. நாற்காலிக் கயிற்றைப் பிடித்து வெடுக்கென்று இழுத்து, "ஏலே நூகு, எந்திரிலே!" என்றேன். நாற்காலி எழுந்திருக்கவில்லை. மூலையில் இருந்த தண்ணீர்ப் பானை மேல் போய் விழுந்தது. பானை உடைந்தது. தண்ணீர் கதவுக்கு அடியில் புகுந்து, படிக்கட்டில் இறங்கி, கீழே கடைக்காரர் தலையில் சொட்டியது.

"மேல என்னவே நடக்கு? கெணறு வெட்டுதியளா?" என்று கீழிருந்து குரல் வந்தது.

நான் குனிந்து மேடையில் நடிகர் கும்பிடு போடுகிற மாதிரி கும்பிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. பாத்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குத் தலைவலி வந்துவிட்டது.

ஒரு சின்னப் பொய் சொல்லிவிட்டேன். நான் "எந்திரிலே" என்று சொல்லவில்லை. "எ-எ-எ-எந்திரிலே" என்று சொன்னேன். என் மகன் அப்படித்தான் பேசுவான்.

*

நாங்கள் டீச்சரிடம் போனது பாத்துவின் தலைவலிக்காக. மாதத்தில் ஒன்றிரண்டு நாள் தலையைப் பிடித்துக்கொண்டு படுப்பாள், வாந்தி எடுப்பாள். கண் டாக்டர் கண்ணில் ஒன்றுமில்லை என்றார். மூளைப் படம் எடுத்தவர் மூளை நன்றாக இருக்கிறது என்றார். "அப்பம் எங்க குடும்பத்துல முதல் ஆளு" என்றேன். அவர் சிரிக்கவில்லை, ஒரு சீட்டில் கோமு டீச்சரின் பெயரை எழுதிக் கொடுத்தார்.

டீச்சர் ஆழ்வார்திருநகரிக்காரர். இருபது வருஷம் கணக்கு வாத்தியார். பிறகு மெட்ராஸில் இந்தக் குடும்ப ஆலோசனைப் படிப்பைப் படித்துவிட்டு வந்தவர். கணக்குக்கு விடை உண்டு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பாவத்தைக் கழுவத்தானோ என்னவோ, இங்கே ஒன்றுக்கும் விடை சொல்ல மாட்டார்.

"டீச்சர், நேராச் சொல்லுங்க. தப்பு யாரு மேல?" என்று முதல் நாளே கேட்டேன்.

"உங்களுக்கு என்ன தோணுது பாய்?"

சேலை என்ன விலை என்று கேட்கிற பெண்ணிடம் நான் "உங்களுக்கு என்ன தோணுது?" என்று கேட்டால் அவள் அடுத்த கடைக்குப் போய்விடுவாள். டீச்சரிடம் அதைச் சொன்னேன். சிரித்தார். நன்றாகவே சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "இப்ப சொல்லுங்க, என்ன தோணுது?" என்றார்.

அவருக்குச் சில நம்பிக்கைகள் உண்டு. ஐந்து வேளைத் தொழுகை மாதிரி தவறாமல் சொல்லுவார். ஒரு வீட்டில் ஒருத்தருக்கு மட்டும் நோவு வராதாம். வீட்டுக்கே வந்த நோவை யாரோ ஒருத்தர் தூக்கிச் சுமக்கிறாராம். யாரும் அடிமனசில் கெட்டவர் இல்லையாம். அந்த நேரத்தில் தனக்குத் தெரிந்த வழியில்தான் ஒவ்வொருவரும் சமாளித்திருக்கிறாராம். அந்த வழி பழசாகிப் போயிருக்கலாம், அவ்வளவுதானாம். நடந்ததை மாற்ற முடியாது, ஆனால் அது இன்றைக்கு நம்மை ஆட்டிவைக்கிறதை மாற்றலாமாம். அதற்கு வயசு வரம்பு கிடையாதாம்.

"ஸ்டாக் தள்ளுபடி மாதிரி இருக்கு டீச்சர். எல்லாருக்கும் மன்னிப்பு" என்றேன்.

"மன்னிப்பு இல்ல பாய். மரியாதை" என்றார்.

பானை உடைந்த அன்று அவர் கோபப்படவே இல்லை. துடைப்பத்தைக் கொடுத்தார். நான் ஓடு பொறுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "நாற்காலியைப் பார்த்ததும் உங்களுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

"ஒண்ணும் ஆகல டீச்சர். சும்மா தமாசு."

"தமாசுக்கு முன்னால ஒரு செகண்டு இருந்துதே. அப்ப?"

கையில் ஓடு குத்தியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொன்னதில்லை. எங்க வாப்பா தறிக்காரர். கோபம் வந்தால் சோற்றுத் தட்டை எறிவார். எட்டு வயசில் ஒரு நாள், அவர் தட்டைத் தூக்கியபோது நான் எங்க தெருவில் பாங்கு சொல்லும் மோதினார் மாதிரி நடந்து காட்டினேன். அவர் சிரித்துவிட்டார். தட்டு கீழே இறங்கியது. எங்க உம்மா அன்றைக்கு என் தலையைத் தடவியது இப்போதும் இருக்கிறது. அதற்குப் பிறகு எந்த வீட்டில் காற்று கனத்தாலும் நான் யாரையாவது மாதிரி நடந்து காட்ட ஆரம்பித்துவிடுவேன்.

"நல்ல மருந்து கண்டுபிடிச்சிருக்கீங்க, எட்டு வயசுல" என்றார் டீச்சர். கேலி இல்லை. உண்மையாகவே மெச்சினார். எனக்கு ஏனோ மூக்கு ஒழுகியது. பானைத் தண்ணீரின் ஈரம் என்று வைத்துக்கொண்டேன்.

*

நூகுவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவனுக்கு நாலு வயசில் திக்க ஆரம்பித்தது. ப, வ, க, இந்த மூன்றும் மற்ற எழுத்துகளைவிட அதிகமாகத் தொண்டையில் நின்றுகொள்ளும். மற்றவர்கள் கேலி செய்வதற்கு முன்னால் நானே செய்துவிட்டால் அவனுக்கு வலிக்காது என்று ஒரு கணக்குப் போட்டேன். கணக்கு வாத்தியாரிடம் காட்டாமல் போட்ட கணக்கு. அவன் மாதிரியே பேசிக் காட்டுவேன். கடையில், கல்யாண வீட்டில், பள்ளிவாசல் வாசலில். அச்சு அசலாக இருக்கும். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். சிரித்தான் என்றுதான் நான் நினைத்தேன்.

தொண்ணூற்றைந்தில் ஷார்ஜாவுக்கு விசா வந்தது. எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம். தூர தேசத்துக்குச் சபர் போகிறவன் சொந்தக்காரர், தெருக்காரர் ஒவ்வொருவரிடமும் போய்ப் பயணம் சொல்ல வேண்டும். "பயணம் போயிட்டு வாரேன், தெரிஞ்சும் தெரியாமலும் எதாச்சும் செஞ்சிருந்தா பொறுத்துக்கிடுங்க" என்று கையைப் பிடித்துச் சொல்லுவான். அந்த வீட்டுக்காரரும், "நீயும் பொறுத்துக்கிடு" என்பார். இரண்டு பக்கமும் சுமை இறங்கிவிடும். பிறகுதான் வண்டி ஏறுவான். நூகு ஒரு வாரமாக மேலப்பாளையம் முழுக்கப் பயணம் சொன்னான். ஒவ்வொரு வாசலிலும் அந்த 'ப' வரும் வரைக்கும் நின்றிருக்கிறான். கடைசி ஆளாக, வண்டி வந்து நிற்கும்போது, வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது, என் கையைப் பிடித்தான்.

"வா-வாப்பா, ப... ப... ப..."

அவன் கை குளிர்ந்திருந்தது. என் மகன் போகப் போகிறான். எனக்குள் என்னவோ இடிந்துகொண்டு வந்தது. அழுதுவிடுவேன் என்று பயம் வந்தது. அப்போது பார்த்து என் மருந்து வேலை செய்தது.

"ப-ப-ப-பஸ்ஸு போயிரும்லே! மிச்சத்த ஷார்ஜாவுல போய்ச் சொல்லு!"

வீடே இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. நூகு என் கையை விட்டான். அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே வண்டியில் ஏறினான். அந்த வார்த்தை முடியவில்லை.

*

அதற்குப் பிறகு கேசட் வரும். போனில் பேசினால் மீட்டர் ஓடும், மீட்டர் ஓடினால் அவனுக்கு இன்னும் திக்கும், அதனால் கேசட். ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்துவிடுவான். நான் கடையில் இருக்கும்போதே மஹ்மூதாவும் பாத்துவும் கேட்டு முடித்திருப்பார்கள். நான் வந்து கேட்டால் பேட்டரி தீர்ந்திருக்கும், அல்லது டேப் சுற்றிக்கொண்டிருக்கும்.

"எனக்கு என்ன சொன்னான்?"

"ஒங்களுக்குத்தான் மொத சலாம். ஒடம்பப் பாத்துக்கிடச் சொன்னான்" என்பாள் மஹ்மூதா, வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே. வெங்காயம் இல்லாத நாளிலும் நறுக்குவாள்.

பாத்துவிடம் கேட்பேன். "தெரியல வாப்பா. தலை வலிக்கு" என்பாள்.

டீச்சர் பாத்துவின் தலைவலி நாட்களை ஒரு நோட்டில் குறிக்கச் சொல்லியிருந்தார். நாலாம் தடவை நாங்கள் போனபோது நோட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தத் தேதி எல்லாம் என்ன விசேஷம்?" என்றார். எனக்கே அப்போதுதான் உறைத்தது. எல்லாம் கேசட் வந்த நாட்கள். "ஒரு கேசட்டை இங்க கொண்டுவந்து எல்லாரும் சேர்ந்து கேக்கலாமா?" என்றார். "அது பொம்பளைங்க பேசிக்கிடுத விஷயம் டீச்சர்" என்று மஹ்மூதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அறையில் காற்று கனத்தது. அப்போதுதான் டீச்சர் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். நான் பானையை உடைத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து நான் கடைக்குத் திரும்பவில்லை. "வயித்து வலி அண்ணாச்சி" என்று முதலாளி அம்மையப்பன் அண்ணாச்சிக்கு முன்கூட்டியே ஒரு முகம் காட்டியிருந்தேன். வீட்டுக்குப் போனேன். மஹ்மூதா ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தாள். பாத்து பள்ளிக்கூடத்தில். அலமாரியில் தொழுகைத் துணிக்கு அடியில் பிஸ்கட் டின். அதற்குள் பாத்துவின் கையெழுத்தில் நம்பர் போட்ட கேசட்டுகள், பதினேழு. சொந்த வீட்டில் திருடுகிறவனுக்கு தன் மிதியடி சத்தம் போடும் என்று தெரியும். அதனால் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். பதினேழாம் நம்பரைப் போட்டேன்.

"அஸ்ஸலாமு அலைக்கும் உம்மா. நல்லா இருக்கியளா? நான் நல்லா இருக்கேன்..."

யாரோ கூட இருக்கிற பையன் பேசுகிறான் என்று நினைத்தேன். நூகு பிறகு பேசுவான் என்று காத்திருந்தேன். அந்தப் பையன், ரூமில் ஏசி ரிப்பேர் என்றான். பக்கத்துக் கட்டில் மலையாளி பாத்ரூமில் பாடுகிறான் என்றான். பரோட்டா வாங்கினால் பருப்பு இலவசம் என்றான். 'பாத்து' என்றான். அப்போதுதான் நான் காதை டேப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

அவன்தான்.

ஒரு இடத்திலும் திக்கவில்லை. எந்த எழுத்தில் நிற்பான் என்று எனக்குத் தெரியாதா? இருபது வருஷம் அவன் வாய் எனக்குப் பாடமில்லையா? பரோட்டாவில் நிற்க வேண்டும், நிற்கவில்லை. பஸ்ஸில் நிற்க வேண்டும், நிற்கவில்லை. மூடின ரயில் கேட்டில் நிற்கிறவன் மாதிரி நான் ஒவ்வொரு 'ப'வுக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் சைக்கிளில் போகிற மாதிரி கேட்டைக் கடந்து போய்க்கொண்டே இருந்தான். இவ்வளவு அழகான குரல் என் வீட்டில் இருந்திருக்கிறது.

கடைசியில் சலாம் வரிசை வந்தது. நான் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தேன். மாமிக்கு, மாமி மகளுக்கு, பள்ளிவாசல் ஹஜரத்துக்கு, டீக்கடை கருத்தையா அண்ணாச்சிக்கு. "நம்ம வெள்ளாட்டையும் நான் விசாரிச்சேன்னு சொல்லு பாத்து, புண்ணாக்கு ஒழுங்கா வையி." ஆடு வரைக்கும் வந்துவிட்டதால் நான் தனியாகச் சிரித்தேன். அடுத்தது நான்தான். ஆட்டுக்கு அடுத்தபடி என்றாலும் பரவாயில்லை.

டக்கென்று ஒரு சத்தம். அவன் பட்டனை அமுக்கியிருக்கிறான். பிறகு டேப் வெறுமனே சுற்றியது.

மூன்று தடவை திருப்பிப் போட்டேன். மூன்று தடவையும் ஆட்டோடு முடிந்தது.

மற்ற பதினாறையும் கேட்க நேரம் இருந்தது. கேட்கவில்லை. கேட்காத வரைக்கும் அவற்றில் எங்கேயாவது நான் இருக்கலாம்.

*

அடுத்த வாரம் டீச்சர் அறையில் கயிறும் இல்லை, நாற்காலி விளையாட்டும் இல்லை. உட்கார்ந்ததும் நானே ஆரம்பித்தேன்.

"டீச்சர், நான் ஒண்ணு கேக்கணும். நடுவுல சிரிப்புக் காட்டினா என்னை நிறுத்துங்க."

"நிறுத்த மாட்டேன். சிரிப்பு வந்தா வரட்டும். அதுக்கு அடியில இருக்கிறதையும் விட்டுராதீங்க."

மஹ்மூதா பக்கம் திரும்பினேன். "நூகு எனக்குச் சலாம் சொல்லுதானா?"

"என்னங்க கேள்வி இது? எல்லா கேசட்லயும் ஒங்களுக்குத்தான் மொதல்ல..."

"பதினேழுல இல்ல மஹ்மூதா."

அவள் சேலைத் தலைப்பை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். துணிக்குள்ளிருந்து பேசினாள். "நீங்க பயப்படுத ஆளு. ஒங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். ஒங்க சிரிப்பு நின்னுட்டா நீங்க என்ன ஆவியன்னு எனக்குத் தெரியாதே. அதான் சொன்னேன். கல்யாணம் ஆகி வந்த நாள்ல இருந்து இந்தச் சிரிப்பப் புடிச்சிக்கிட்டுத்தானே நானும் நிக்கேன்."

இருபத்தைந்து வருஷம் கூட இருந்தவள். என்னைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தது அவள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

டீச்சரிடம் கேட்டேன். "அவன் அங்கன திக்காமப் பேசுதான் டீச்சர். என்னை விட்டுப் போனதாலயா?"

"தனியா இருக்கும்போது நிறையப் பேருக்குத் திக்காது பாய். திக்குறதுக்கு ஒரே காரணம்னு எதுவும் கிடையாது. அதை உங்க தலையில வச்சுக்காதீங்க."

"அது சரி. அவன் எம்மேல கோவமா இருக்கானா? அதையாவது நேராச் சொல்லுங்களேன்."

"எனக்குத் தெரியாது பாய். நான் அவரோட பேசினதில்ல." பொய் சொல்லாத ஒரு ஆள் கிடைத்தார், அவருக்கும் விஷயம் தெரியவில்லை. "தெரிஞ்சவங்க இந்த ரூம்ல இருக்காங்களான்னு பாருங்க" என்றார்.

பாத்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை நெற்றிப்பொட்டுக்குப் போயிருந்தது. நான் நாற்காலியை விட்டு இறங்கி அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். முழங்கால் சத்தம் போட்டது. அதற்கு ஒரு தமாசு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கினேன். உப்புக் கரித்தது.

"பாத்து. பதினேழு கேசட்டும் நீ கேட்டிருக்க. பதிலும் நீதான் பேசி அனுப்புத. அவன் என்னப் பத்தி ஒரு தடவையாவது கேட்டிருக்கானா?"

"தெரி..." என்று ஆரம்பித்தாள்.

"எம் மகளப் போட்டு இப்படிக் குடைய விடாதிய டீச்சர், அவளுக்கு மண்டைய வலிக்கும்" என்று மஹ்மூதா எழுந்தாள். டீச்சர் அவள் கையைப் பைய பிடித்தார். "உங்க மகளுக்குச் சொல்லத் தெம்பு இருக்கு பீவி. இத்தனை நாளா இதைச் சுமந்திருக்காளே. அதை நம்புவோம்."

பாத்து என்னைப் பார்த்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு நேராகப் பார்த்தாள். கையை நெற்றியிலிருந்து எடுத்தாள்.

"ஒரு தடவ கேட்டான் வாப்பா. ஆறாவது கேசட்ல."

"என்ன கேட்டான்?"

"'வாப்பா இன்னும் என்ன மாதிரி பேசிக் காட்டுதாவளா? பொய் சொல்லாமச் சொல்லு பாத்து'ன்னு கேட்டான்."

கீழே மருந்துக்கடையில் யாரோ சில்லறை கேட்டார்கள். அது முடிகிற வரைக்கும் அவள் காத்திருந்தாள்.

"'ஆமா, காட்டுதாவ. போன வாரம் கல்யாண வீட்டுலகூடக் காட்டுனாவ. எல்லாரும் சிரிச்சாவ'ன்னு பதில் பேசி அனுப்புனேன். பொய் சொல்லாதன்னு கேட்டானே வாப்பா, நான் என்ன செய்ய? அதுக்குப் பொறவு அவன் ஒங்களப் பத்திக் கேக்கவே இல்ல."